லினக்ஸ் பூட்: இனிட்ராம்எஃப்எஸ், ரூட் ஃபைல்சிஸ்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக கெர்னல் கம்பைல் செய்கிறவர், பழைய லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டுகிறவர், கரண்ட் போய் வந்த பிறகு கருப்புத் திரையில் ஒரு பிராம்ப்ட்டை மட்டும் பார்க்கிறவர், இந்த மூன்று பேரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். சிஸ்டத்தின் மையமான கெர்னல் ஏறிவிட்டது, மற்ற கோப்புகளெல்லாம் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டம் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அங்கே வரும் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவற்றை நீங்களே படித்துப் புரிந்துகொள்ளலாம். சிஸ்டத்தை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவ வேண்டிய அவசியம் அனேகமாக வராது.

பவர் போட்டதிலிருந்து லாகின் வரை என்ன வரிசையில் நடக்கிறது?

சாதாரண பிசி என்றால் முதலில் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் எழுந்து, டிஸ்க்கில் இருக்கும் சின்ன ஃபேட் பார்ட்டிஷனிலிருந்து பூட்லோடரை எடுக்கும், பெரும்பாலும் கிரப். கிரப் இரண்டு கோப்புகளை மெமரிக்குக் கொண்டுவரும்: ஒன்று கெர்னல், இன்னொன்று இனிட்ராம்எஃப்எஸ், அதாவது உண்மையான ரூட்டை எட்டும்வரை மெமரியில் பயன்படும் சின்ன தற்காலிக ஃபைல்சிஸ்டம். கூடவே ஒரு நீளமான வரியையும் கெர்னலிடம் கொடுக்கும், அதுதான் கெர்னல் கமாண்ட் லைன். ரூட்= என்று தொடங்கும் விஷயமெல்லாம் அதில்தான் இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் /ப்ராக்/சிஎம்டிலைன் என்ற கோப்பைத் திறந்தால் அதே வரியை அப்படியே பார்க்கலாம்.

கெர்னல் தன்னைத்தானே விரித்துக்கொண்டு, மெமரியையும் சிபியுக்களையும் சரிசெய்து, மெமரியில் ஒரு காலி ஃபைல்சிஸ்டத்தை உருவாக்கி, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை அதற்குள் பிரித்துப் போட்டு, உள்ளேயே கட்டப்பட்ட டிரைவர்களை எழுப்பும். அப்புறம் அதிலிருக்கும் /இனிட் என்ற நிரலை பிஐடி 1 ஆக, அதாவது சிஸ்டத்தின் முதல் ப்ராசஸாக, ஓடவிடும். அங்கிருந்து பொறுப்பு கெர்னலிடம் இல்லை. உண்மையான டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது, தேவையானால் பாஸ்வேர்டு கேட்டு என்கிரிப்ஷனைத் திறப்பது, ரூட்டை மவுண்ட் செய்து, அதாவது டைரக்டரி மரத்தில் இணைத்து, அதற்குள் தாவுவது எல்லாம் அந்த /இனிட் செய்யும் வேலை. தாவி முடிந்ததும் அங்குள்ள /எஸ்பின்/இனிட், அதாவது இன்று பெரும்பாலான இடங்களில் சிஸ்டம்டி, அதே பிஐடி 1 ஆகத் தொடரும்.

கெர்னலே நேராக டிஸ்க்கை மவுண்ட் செய்யக் கூடாதா? இந்த நடு ஆள் எதற்கு?

செய்யலாம். டிஸ்க் கண்ட்ரோலர் டிரைவரும் ஃபைல்சிஸ்டம் டிரைவரும் மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாக) இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டு, ரூட்டும் ஒரு சாதாரண பார்ட்டிஷனாக இருந்தால், இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் ஆகும். எம்பெடட் போர்டுகள் பலவற்றில் இப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் டெபியனோ ஃபெடோராவோ ஒரே கெர்னலை உலகத்திலுள்ள எல்லா மெஷினுக்கும் அனுப்ப வேண்டும். எல்லா டிரைவரையும் உள்ளே திணிக்க முடியாது, அதனால் மாட்யூலாகத் தனியே வைக்கிறார்கள். அந்த மாட்யூல்கள் இருப்பது ரூட் டிஸ்க்கில், டிஸ்க்கைப் படிக்கவோ அந்த மாட்யூல் வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிக்கொண்ட கதை. இனிட்ராம்எஃப்எஸ் வெளியே வைத்த மாற்றுச் சாவி. எல்யூகேஎஸ் என்கிரிப்ஷன், எல்விஎம், சாஃப்ட்வேர் ரெய்டு என்று போனால் கெர்னல் மட்டும் போதவே போதாது, பாஸ்வேர்டு கேட்கவும் வால்யூம்களைச் சேர்த்து எழுப்பவும் யூசர்ஸ்பேஸ் நிரல்கள் வேண்டும்.

இனிட்ஆர்டி என்பதும் இனிட்ராம்எஃப்எஸ் என்பதும் ஒன்றா?

இல்லை. இனிட்ஆர்டி பழைய முறை: ஒரு முழு ஃபைல்சிஸ்டத்தின் இமேஜை ராம் டிஸ்க்கில் ஏற்றி, அதை ஒரு பிளாக் டிவைஸ் போல மவுண்ட் செய்வது. அளவு முன்கூட்டியே நிர்ணயமாகிவிடும், அந்த ஃபைல்சிஸ்டத்தின் டிரைவரும் கெர்னலுக்குள் இருந்தாக வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ் 2.6 கெர்னலோடு வந்தது. அது வெறும் சிபிஐஓ ஆர்கைவ் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு), கெர்னல் அதைப் பிரித்து நேராக மெமரியில் கோப்புகளாகப் போட்டுவிடும். இன்று நீங்கள் பார்ப்பது எல்லாமே இதுதான். ஆனால் கிரப்பில் கட்டளையின் பெயர் இன்னும் இனிட்ஆர்டி, டெபியனில் கோப்பின் பெயரும் இனிட்ஆர்டி.ஐஎம்ஜி என்றுதான் தொடங்குகிறது. பெயர் பழையது, உள்ளே இருப்பது புதியது.

ரூட்எஃப்எஸ் என்று டாக்குமெண்டில் வருவது என் ரூட் பார்ட்டிஷனா?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ரூட்எஃப்எஸ் என்பது கெர்னல் எழும்போதே மெமரியில் உருவாகும் அந்த முதல் ஃபைல்சிஸ்டம். அதை அன்மவுண்ட் செய்ய முடியாது. உங்கள் டிஸ்க்கிலுள்ள ரூட் அதன் மேல் ஏற்றி வைக்கப்படுகிறது. கெர்னலோடு வரும் ஆவணங்களில் ராப் லேண்ட்லி 2005ல் எழுதிய ஒன்று ராம்எஃப்எஸ், ரூட்எஃப்எஸ், இனிட்ராம்எஃப்எஸ் மூன்றையும் ஒரே இடத்தில் விளக்குகிறது. இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான எழுத்து கிடைப்பது கஷ்டம்.

ஒரு நுணுக்கம். கமாண்ட் லைனில் ரூட்= கொடுக்காமல், கெர்னலில் டிஎம்பிஎஃப்எஸ் (அளவு வரம்புள்ள மெமரி ஃபைல்சிஸ்டம்) வசதியும் இருந்தால் இந்த ரூட்எஃப்எஸ் டிஎம்பிஎஃப்எஸ் ஆக வரும். அதற்கு இயல்பாக மொத்த ராமில் பாதிதான் இடம். முழு சிஸ்டத்தையும் மெமரியிலேயே ஓட்டப் பார்க்கிறவர்களுக்கு, ராம் போதுமான அளவு இருந்தும் பிரிக்கும்போது இடம் போதவில்லை என்று வந்தால் காரணம் இதுதான்.

கையாலேயே ஒரு இனிட்ராம்எஃப்எஸ் செய்து பார்க்க முடியுமா?

கட்டாயம் செய்து பாருங்கள். பூட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, ஒரு மாலைப்பொழுது போதும், விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் கியூஎமுவில் செய்வதால் உங்கள் மெஷினுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

ஒரு காலி டைரக்டரி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பின், டெவ், ப்ராக், சிஸ் என்று நாலு டைரக்டரிகள். வெளி லைப்ரரி தேவைப்படாமல் ஸ்டாட்டிக்காகக் கம்பைல் ஆன பிஸிபாக்ஸை (பல கட்டளைகளை ஒரே பைனரியில் தரும் நிரல்) பின்னுக்குள் போடுங்கள், டெபியன் உபுண்டுவில் பிஸிபாக்ஸ்-ஸ்டாட்டிக் என்று பேக்கேஜாகவே கிடைக்கும். எஸ்ஹெச் என்ற பெயரில் அதற்கு ஒரு சிம்லிங்க். அப்புறம் மேல்மட்டத்தில் இனிட் என்ற ஸ்கிரிப்ட்:

#!/பின்/எஸ்ஹெச்
/பின்/பிஸிபாக்ஸ் --இன்ஸ்டால் -எஸ் /பின்
மவுண்ட் -டி டெவ்டிஎம்பிஎஃப்எஸ் டெவ் /டெவ்
மவுண்ட் -டி ப்ராக் ப்ராக் /ப்ராக்
மவுண்ட் -டி சிஸ்எஃப்எஸ் சிஸ் /சிஸ்
எக்ஸெக் எஸ்ஹெச்

சிஎச்மாட் போட்டு ஸ்கிரிப்ட்டை எக்ஸிக்யூட் செய்யத்தக்கதாக மாற்ற மறக்கக் கூடாது. பிறகு அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டே ஃபைண்ட் கட்டளையின் வெளியீட்டை சிபிஐஓவுக்கு அனுப்ப வேண்டும். சிபிஐஓவுக்கு -ஓ, -ஹெச் நியூசி என்ற இரண்டு ஆப்ஷன்கள் முக்கியம், நியூசி ஃபார்மட் இல்லையென்றால் கெர்னல் பிரிக்காது. கோப்புகளின் உரிமையாளர் ரூட்டாக இருக்க -ஆர் 0:0 சேர்த்துக்கொள்ளுங்கள். வருவதை ஜிஜிப்பில் சுருக்கினால் வேலை முடிந்தது. டைரக்டரிக்கு வெளியே நின்று ஃபைண்ட் ஓட்டினால் எல்லாப் பாதையும் ஒரு படி உள்ளே போய்விடும், /இனிட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

இப்போது கியூஎமுவுக்கு -கெர்னல் என்று உங்கள் கெர்னலையும், -இனிட்ஆர்டி என்று இந்தக் கோப்பையும், -அப்பெண்ட் என்று கன்சோல்=டிடிஒய்எஸ்0 என்பதையும், -நோகிராஃபிக்கையும் கொடுத்தால் சில நொடிகளில் உங்கள் டெர்மினலிலேயே ஒரு ஷெல் வரும். டிஸ்க் இல்லை, சிஸ்டம்டி இல்லை, நீங்கள் செய்த கோப்புகள் மட்டும். வெளியே வர கண்ட்ரோல்-ஏ, அப்புறம் எக்ஸ்.

அந்த ஷெல்லில் டிடிஒய் கிடைக்கவில்லை, ஜாப் கண்ட்ரோல் இல்லை என்று ஒரு வரி வரும். கண்ட்ரோல்-சி வேலை செய்யாது, அவ்வளவுதான் பாதிப்பு. கடைசி வரியை எக்ஸெக் செட்சிட் சிடிடிஒய்ஹேக் எஸ்ஹெச் என்று மாற்றினால் அதுவும் சரியாகிவிடும்.

கோப்பு அங்கேயே இருக்கிறது, ஆனாலும் "/இனிட்டை ஓட்ட முடியவில்லை, பிழை -2" என்கிறதே?

-2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள், ஆனால் இல்லாத கோப்பு /இனிட்டாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியில் சொன்ன ஷெல் அங்கே இல்லாமல் இருக்கலாம். பைனரி என்றால் அதற்கு வேண்டிய டைனமிக் லோடர், அதாவது எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் கோப்பு, இல்லாமல் இருக்கலாம். பிஸிபாக்ஸை ஸ்டாட்டிக்காக எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஃபைல் கட்டளையை அந்த பைனரி மேல் ஓட்டினால் ஸ்டாட்டிக்கா டைனமிக்கா என்று சொல்லிவிடும். விண்டோஸ் எடிட்டரில் எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியின் முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கேரேஜ் ரிட்டர்னும் இதே -2ஐத் தரும்.

-8 வந்தால் ஃபார்மட் தெரியவில்லை: ஆர்ம் பைனரியை எக்ஸ்86ல் ஓட்டுகிறீர்கள், அல்லது மிகச் சிறிய அமைப்பான டைனிகான்ஃபிக்கில் தொடங்கிய கெர்னலில் ஸ்கிரிப்ட் ஓட்டும் வசதியையே சேர்க்கவில்லை. -13 என்றால் அனுமதி இல்லை, சிஎச்மாட் போட மறந்திருப்பீர்கள்.

"அட்டெம்ப்டெட் டு கில் இனிட்" என்று பேனிக் ஆகிறது.

பிஐடி 1 முடிந்துபோகக் கூடாது, முடிந்தால் கெர்னல் அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் எக்ஸிட்கோட் என்று ஒரு எண் இருக்கும், அதைப் படியுங்கள். 0x00000000 என்றால் ஸ்கிரிப்ட் ஒழுங்காகக் கடைசி வரி வரை போய் முடிந்துவிட்டது, அடுத்த நிரலை ஷெல்லின் இடத்திலேயே ஓடவைக்கும் எக்ஸெக்கைப் போட மறந்திருப்பீர்கள். 0x00007f00 என்றால் 127, கட்டளை கிடைக்கவில்லை. 0x0000000b என்றால் செக்மெண்டேஷன் ஃபால்ட்.

ஆரம்ப கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று எச்சரிக்கை வருகிறது, அப்புறம் திரையில் எதுவுமே இல்லை.

/இனிட் தொடங்கும் முன்பே கெர்னல் /டெவ்/கன்சோலைத் திறந்து பார்க்கும். /டெவ்வுக்கான டிவைஸ் கோப்புகளைத் தரும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஸைத் தானாக மவுண்ட் செய்யும் கெர்னல் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது, ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் வழியாக எழும்போது அது செயல்படாது. அதனால்தான் ஸ்கிரிப்ட்டில் நாமே மவுண்ட் செய்கிறோம். எச்சரிக்கை போக வேண்டுமென்றால், சிபிஐஓ செய்யும் முன் டெவ் டைரக்டரிக்குள் எம்கேநோட் டெவ்/கன்சோல் சி 5 1 என்று அந்த டிவைஸ் நோடை உருவாக்கிவிடுங்கள்.

"அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)". இதற்கு என்ன அர்த்தம்?

லினக்ஸ் பூட் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் எனக்குத் தெரிந்து அதிகம் வருவது இதுதான். பயமுறுத்தும் செய்தி, ஆனால் நிறைய விவரம் சொல்லும் செய்தியும் கூட.

முதலில், இந்த வரி வந்தாலே கெர்னல் தானே நேராக ரூட்டை மவுண்ட் செய்யப் பார்த்தது என்று பொருள். அதாவது /இனிட் அதற்குக் கிடைக்கவில்லை. நீங்கள் இனிட்ராம்எஃப்எஸ் உள்ள சிஸ்டத்தில் இருந்தால் கேள்வியே வேறு: அது ஏன் ஏறவில்லை? கிரப் மெனுவில் இ தட்டி அந்த கெர்னலுக்குக் கீழே இனிட்ஆர்டி வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் பாதியில் நின்று, கெர்னல் மட்டும் நிறுவப்பட்டு இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் போயிருக்கும். /பூட் பார்ட்டிஷன் நிரம்பியதுதான் இதற்கு மிகச் சாதாரணமான காரணம். கிரப்பின் அட்வான்ஸ்டு மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, தேவையில்லாத பழைய கெர்னல் பேக்கேஜ்களை நீக்கி இடம் உண்டாக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால் போதும். /பூட்டுக்குள் ஆர்எம் போட்டுக் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள், பேக்கேஜ் மேனேஜர் வழியாகவே நீக்குங்கள்.

இரண்டாவது, அடைப்புக்குள் இருக்கும் எண்கள் டிவைஸின் மேஜர், மைனர் எண்கள். (0,0) என்றால் ரூட்= சொன்ன டிவைஸ் எதுவென்றே கெர்னலுக்குத் தெரியவில்லை, அதாவது டிரைவர் இல்லை அல்லது பெயர் தவறு. (8,2) போல வந்தால் எஸ்டிஏ2 கிடைத்துவிட்டது, ஆனால் அதிலுள்ள ஃபைல்சிஸ்டத்தைப் படிக்கத் தெரியவில்லை. எக்ஸ்ட்4ஐயோ எக்ஸ்எஃப்எஸ்ஸையோ மாட்யூலாக வைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

மூன்றாவது, பேனிக் வரிக்குச் சற்று மேலே கெர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். பட்டியல் காலியா, டிஸ்க் டிரைவர் இல்லை. உங்கள் டிஸ்க் வேறு பெயரில் இருக்கிறதா, ரூட்= ஐ மாற்றினால் சரியாகிவிடும்.

ரூட்=யூயூஐடி என்று சரியாகத்தான் கொடுத்தேன், என் சொந்த கெர்னல் கண்டுகொள்ளவில்லை.

ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்ணான யூயூஐடியை கெர்னல் படிப்பதில்லை. டெபியனில் அது வேலை செய்கிறதென்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தருகின்றன. கெர்னலுக்கு நேராகத் தெரிந்தது பார்ட்யூயூஐடி, அதாவது பார்ட்டிஷன் டேபிளில் எழுதப்பட்ட அடையாளம். பிஎல்கேஐடி கட்டளை இரண்டையும் காட்டும், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாற்றி எழுதிவிடாதீர்கள். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் எழுப்புகிறீர்கள் என்றால் ரூட்=பார்ட்யூயூஐடி போடுங்கள். எஸ்டிஏ2 என்று பெயரை எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது, ஒரு பென்டிரைவ் செருகியிருந்தாலே எஸ்டிஏ எஸ்டிபி ஆகிவிடலாம்.

ரூட்வெயிட் எதற்கு?

எஸ்டி கார்டும் யூஎஸ்பி டிஸ்க்கும் மெதுவாக எழும். கெர்னல் ரூட்டைத் தேடும் நேரத்தில் அவை இன்னும் தயாராகியிருக்காது. ரூட்வெயிட் போட்டால் டிவைஸ் வரும்வரை காத்திருக்கும். ராஸ்பெர்ரி பையின் சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பில் அது எப்போதும் இருப்பது இதனால்தான். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும், நடுவே என்டர் தட்டினால் மிச்சம் கெர்னலுக்குப் போகாது.

ஸ்விட்ச்_ரூட், பிவட்_ரூட், சிஎச்ரூட் மூன்றில் எதைப் பயன்படுத்துவது?

இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து டிஸ்க்குக்குத் தாவ ஸ்விட்ச்_ரூட். பிவட்_ரூட் பழைய இனிட்ஆர்டிக்கானது, அது பழைய ரூட்டை ஓரமாக நகர்த்தி அன்மவுண்ட் செய்ய விடும். ரூட்எஃப்எஸ்ஸை அப்படி நகர்த்த முடியாது என்பதால் ஸ்விட்ச்_ரூட் வேறு வழி எடுக்கிறது: மெமரியிலுள்ள கோப்புகளையெல்லாம் அழித்து இடத்தை விடுவிக்கும், புது ரூட்டை / மேல் நகர்த்தி வைக்கும், அதற்குள் சிஎச்ரூட் செய்து (அதையே / ஆக்கி) புது இனிட்டை எக்ஸெக் செய்யும். கோப்புகளை அழிப்பதால்தான் அது அவ்வளவு சோதனை செய்கிறது. தான் பிஐடி 1தானா, இப்போதைய ரூட் உண்மையில் ராம்எஃப்எஸ் அல்லது டிஎம்பிஎஃப்எஸ்தானா என்று பார்க்காமல் அழித்தால் டிஸ்க்கே காலியாகிவிடும்.

அதனால் ஸ்கிரிப்ட்டில் எக்ஸெக் ஸ்விட்ச்_ரூட் /ரூட் /எஸ்பின்/இனிட் என்று எக்ஸெக்கோடு எழுத வேண்டும். எக்ஸெக் இல்லாமல் கூப்பிட்டால் அது ஷெல்லின் குழந்தை ப்ராசஸாக ஓடும், பிஐடி 1 ஆக இருக்காது, வேலை செய்ய மறுத்துவிடும். இன்னொரு வித்தியாசம்: யூடில்-லினக்ஸின் ஸ்விட்ச்_ரூட் டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் தானே புது ரூட்டுக்கு நகர்த்திவிடும், பிஸிபாக்ஸினுடையது நகர்த்தாது, நீங்களே மவுண்ட் --மூவ் போட வேண்டும் அல்லது முன்பே அன்மவுண்ட் செய்துவிட வேண்டும்.

புது ரூட் ஃபைல்சிஸ்டத்தில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும்?

ஒரு இனிட், அதற்குத் தேவையான லைப்ரரிகளும் டைனமிக் லோடரும், எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் /எட்சி/எஃப்எஸ்டேப், அப்புறம் டெவ், ப்ராக், சிஸ், ரன், டிஎம்பி என்ற டைரக்டரிகள், காலியாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் காலி டைரக்டரிகளை யாரும் மதிப்பதில்லை, அங்கேதான் அடி விழுகிறது. பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு ஆர்சிங்க் மூலம் ரூட்டை நகலெடுக்கும்போது /ப்ராக்கின் உள்ளடக்கத்தை மட்டும் விலக்காமல் /ப்ராக் என்ற டைரக்டரியையே விலக்கிவிடுவார்கள். ரூட் முதலில் படிக்க மட்டும் என்று மவுண்ட் ஆவதால் சிஸ்டம்டியால் அந்த டைரக்டரியைப் புதிதாக உருவாக்க முடியாது, ஏபிஐ ஃபைல்சிஸ்டம்களை (ப்ராக், சிஸ் போன்றவற்றை) மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டு உறைந்து நின்றுவிடும். லைவ் யூஎஸ்பியில் எழுந்து, எம்கேடிஆர் போட்டு அந்த நாலைந்து டைரக்டரிகளை உருவாக்கினால் தீர்ந்தது.

நகலெடுத்த பிறகு எஃப்எஸ்டேப்பிலும் கிரப்பிலும் பழைய யூயூஐடி இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். முதலிலிருந்து கட்டுவதானால் டெபூட்ஸ்ட்ராப் இருக்கிறது: டெபியனின் அடிப்படை சிஸ்டத்தை ஒரு டைரக்டரிக்குள் இறக்கித் தரும். ஆனால் கெர்னல், கிரப், எஃப்எஸ்டேப், ரூட் பாஸ்வேர்டு எதையும் அது வைக்காது, அவற்றை சிஎச்ரூட் செய்து உள்ளே போய் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ரூட் ஏன் முதலில் படிக்க மட்டும் என்று மவுண்ட் ஆகிறது?

எழுத ஆரம்பிக்கும் முன், ஃபைல்சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகேயை ஓட்டிச் சரிபார்க்க. கமாண்ட் லைனில் ஆர்ஓ என்று இருப்பது அதற்காக. சோதனை முடிந்ததும் எஃப்எஸ்டேப்பைப் பார்த்து எழுதத்தக்கதாக ரீமவுண்ட் ஆகும். இனிட்=/பின்/பாஷ் போட்டு உள்ளே வந்தவர்கள் பாஸ்வேர்டை மாற்ற முடியாமல் திணறுவதும் இதனால்தான், முதலில் மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று அடியுங்கள்.

கரண்ட் போய் வந்தது, இப்போது இனிட்ராம்எஃப்எஸ் என்ற பிராம்ப்ட்டில் நிற்கிறது. டேட்டா போய்விட்டதா?

அனேகமாக இல்லை. அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள். எக்ஸிட் என்று அடித்தால் எந்தக் காரணத்தால் நின்றது என்று திரும்பச் சொல்லும்.

எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டச் சொன்னால், அதில் வரும் பார்ட்டிஷன் பெயரைப் பார்த்து எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2 போல அடியுங்கள். ரூட் இன்னும் எழுதும்படி மவுண்ட் ஆகாத நேரம் என்பதால் இதைச் செய்யப் பொருத்தமான இடமே இதுதான். முடிந்ததும் எக்ஸிட், பூட் தொடரும். இது எக்ஸ்ட்4க்கு. எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர், பிடிஆர்எஃப்எஸ் என்றால் ரிப்பேர் ஆப்ஷனை எடுத்தவுடன் தொடவே தொடாதீர்கள், முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து டேட்டாவை வெளியே எடுங்கள்.

அடிக்கடி இதே இடத்தில் வந்து நிற்கிறதென்றால் பழியைக் கரண்ட் மேல் போட்டுவிட்டு இருக்க வேண்டாம். ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள், முதலில் பேக்கப் எடுங்கள்.

யூயூஐடி இல்லை, ஷெல்லுக்கு வருகிறேன் என்று சொன்னால் அது வேறு விஷயம், டிஸ்க்கே கண்ணில் படவில்லை. /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் பாருங்கள். டிஸ்க் அதில் இருந்தால் யூயூஐடி மாறியிருக்கிறது. இல்லையென்றால் மாட்யூல் இல்லை, அல்லது கேபிளோ பயாஸ் செட்டிங்கோ காரணம்.

டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினேன், அல்லது விர்ச்சுவல் மெஷினாக மாற்றினேன், பூட் ஆகவில்லை.

இனிட்ராம்எஃப்எஸ் பழைய மெஷினுக்கு மட்டும் தைக்கப்பட்டிருக்கும். ஃபெடோராவில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவியான டிராகட் இயல்பாகவே ஹோஸ்ட்ஒன்லி முறையில் அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் எடுக்கும், டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ்=டெப் என்று மாற்றியிருந்தால் அங்கேயும் இதே கதை. சாட்டா டிஸ்க்கிலிருந்து கேவிஎம் விர்ச்சுவல் மெஷினுக்குப் போனால், அங்குள்ள டிஸ்க்குக்கு வேண்டிய விர்ட்டியோ டிரைவர் உள்ளே இருக்காது. ஃபெடோராவில் பூட் மெனுவிலுள்ள ரெஸ்க்யூ என்ட்ரி எல்லா டிரைவரோடும் செய்யப்பட்டது, அதில் எழுந்துவிட்டு டிராகட் --ஃபோர்ஸ் ஓட்டினால் போதும். டிஸ்க்கை மாற்றப் போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தால் கழற்றும் முன் டிராகட்டில் --நோ-ஹோஸ்ட்ஒன்லி, டெபியனில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் போட்டு உருவாக்கிக்கொண்டு போங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

எந்த டிஸ்ட்ரோவில் எந்தக் கருவி?

டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்: அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல் எல்லா கெர்னலுக்கும் புதுப்பிக்கும், எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே இருப்பதைப் பட்டியலிடும், /எட்சி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் கோப்பில் வேண்டிய மாட்யூலின் பெயரை எழுதலாம். ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கம் டிராகட், பார்க்க எல்எஸ்இனிட்ஆர்டி. ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ -பி.

நடுவழியில் நிறுத்திப் பார்க்க விரும்பினால் கமாண்ட் லைனில் டெபியனுக்கு பிரேக்=மவுண்ட், டிராகட்டுக்கு ஆர்டி.பிரேக். லைவ் யூஎஸ்பியிலிருந்து சரிசெய்வதானால் ரூட்டை மவுண்ட் செய்து, /பூட் தனியாக இருந்தால் அதையும் மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் மவுண்ட் செய்து, சிஎச்ரூட் செய்து, மேலே சொன்ன கட்டளையை ஓட்டுங்கள். /பூட்டை மறந்துவிட்டால் புதுக் கோப்பு ரூட் பார்ட்டிஷனில் உள்ள வெற்று டைரக்டரிக்குள் போய் விழும், கிரப் பழையதையே எடுக்கும்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் பிரித்தால் மைக்ரோகோட் மட்டும் வருகிறது, மிச்சம் எங்கே?

பின்னாடி இருக்கிறது. ஒரே கோப்பில் பல சிபிஐஓக்களை வரிசையாக ஒட்டலாம், கெர்னல் எல்லாவற்றையும் பிரிக்கும். சிபியு மைக்ரோகோட் மிக ஆரம்பத்திலேயே தேவை என்பதால் அது சுருக்கப்படாத தனி ஆர்கைவாக முன்னால் நிற்கிறது, சாதாரண சிபிஐஓ கட்டளை அதோடு நின்றுவிடும். டெபியனில் அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளை எல்லாப் பகுதிகளையும் தனித்தனியே பிரித்துத் தரும்.

எக்ஸ்இசட்டில் சுருக்கினேன், கெர்னல் பிரிக்க மறுக்கிறது.

கெர்னலுக்குள் இருக்கும் எக்ஸ்இசட் பிரிப்பான் சிஆர்சி64 சோதனையை ஏற்காது, எக்ஸ்இசட் கட்டளையோ இயல்பாக அதைத்தான் போடும். --செக்=சிஆர்சி32 சேருங்கள். எல்இசட்4 என்றால் -எல், பழைய ஃபார்மட். இசட்எஸ்டிடிக்கு 5.9 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் வேண்டும், கான்ஃபிக்கிலும் அதை இயக்கியிருக்க வேண்டும். எதிலும் சந்தேகம் இருந்தால் ஜிஜிப்.

செக்யூர் பூட் போட்டிருக்கிறேன், இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சரிபார்க்கப்படுகிறதா?

சாதாரண அமைப்பில் இல்லை. ஷிம் (கிரப்புக்கு முன் ஓடும் சின்ன லோடர்), கிரப், கெர்னல் மூன்றுக்கும் கையொப்பம் உண்டு, இனிட்ராம்எஃப்எஸ் உங்கள் மெஷினிலேயே உருவாவதால் அதற்குக் கிடையாது. லேப்டாப்பைத் தனியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருந்தாலும், என்கிரிப்ட் ஆகாத /பூட்டில் இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை ஒருவர் மாற்றி வைத்து நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டைப் பிடிக்க முடியும். யூகேஐ (யூனிஃபைடு கெர்னல் இமேஜ்) இதற்கான தீர்வு, கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கமாண்ட் லைன் மூன்றையும் ஒரே கோப்பாக்கி மொத்தத்துக்கும் கையொப்பம் இடுவது. சிஸ்டம்டியின் யூகேஐஃபை கருவி இதைச் செய்துதரும்.

பூட்டின்போது அரை நிமிடம் சும்மா நிற்கிறது, சஸ்பெண்ட் டிவைஸுக்குக் காத்திருந்து விட்டுவிட்டேன் என்று ஒரு வரி வருகிறது.

ஹைபர்நேட் செய்த நிலையை மீட்பது ரூட்டை மவுண்ட் செய்யும் முன்பே நடக்க வேண்டும், அதனால் ஸ்வாப்பின் யூயூஐடி இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் எழுதப்பட்டிருக்கும். ஸ்வாப்பை அழித்தாலோ மறுபடி ஃபார்மட் செய்தாலோ அந்த எண் செல்லாது, ஆனாலும் அது வரும் வரும் என்று காத்திருக்கும். டெபியனில் /எட்சி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பில் புது யூயூஐடியை எழுதுங்கள், ஹைபர்நேட்டே வேண்டாம் என்றால் ரெஸ்யூம்=நன் என்று எழுதுங்கள். பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு.